பசிலிகாத்தாவில் மூன்று வருடம்: ஒரு நன்றி மடல்

இயேசுவில் அன்புக்குரிய என் ஊராருக்கும், கடலுக்கு அந்தப் பக்கம் என்னை வீட்டுப் பிள்ளையாக வைத்துக்கொண்டவர்களுக்கும்,

போன ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னை மைக் முன்னால் நிறுத்தி, "மூணு வருசம் இத்தாலியில இருந்துட்டு வந்திருக்கீங்க, ரெண்டு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர்" என்றார். ரோம், பனி, பாலர் பள்ளி என்று ஏதேதோ பேசினேன். கோயில் படி இறங்கும்போது எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் சரி பிள்ளே, அங்க உன்ன யாரு பாத்துக்கிட்டா?" என்று கேட்டாள். படியில் நின்றபடியே பதில் சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் கிளம்பியபோது நீங்கள் எல்லாரும் "சேவை செய்யப் போறா" என்று சொல்லித்தான் வழியனுப்பினீர்கள். போன முதல் ஆறு மாதம் நான் செய்ததைவிட எனக்குச் செய்தவர்கள்தான் அதிகம். பேர் போட்டு எழுதினால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் பேர் இல்லாமலே எழுதுகிறேன்.

நான் இருந்தது பசிலிகாத்தா மாநிலத்தில், மத்தேரா மாவட்டத்து மலையூர் ஒன்றில். இத்தாலியை ஒரு பூட்ஸ் காலாக நினைத்தால் பாதத்தின் குழிவில் வரும் இடம். கண்ணுக்கு எட்டிய மட்டும் கோதுமை வயலும் களிமண் குன்றும்தான். இளவட்டங்கள் வேலை தேடி மிலான், தூரின் என்று வடக்கே போய்விட்டார்கள்; ஊரில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் வயசாளிகள். மடத்தில் நாங்கள் நான்கு பேர்: இத்தாலியச் சகோதரிகள் இரண்டு பேர், இருவருமே எழுபதைத் தாண்டியவர்கள், கேரளத்துச் சகோதரி ஒருவர், அப்புறம் நான். ஐந்தரைக்கு எழுந்து செபம், ஏழு மணிக்குப் பூசை, எட்டரைக்குப் பாலர் பள்ளி. மாலையில், படுக்கையில் கிடப்பவர்களுக்கு நற்கருணை கொண்டுபோவேன். பெரும்பாலும் இதுதான் என் நாள்.

முதல் நன்றி பாலர் பள்ளிக்கு எதிர்வீட்டு நோன்னாவுக்கு. நோன்னா என்றால் பாட்டி. எனக்குப் பேச்சு வந்தது அவர் வீட்டு வாசற்படியில்தான். பச்சை மொச்சை போன்ற ஃபாவா காயைக் கூடை நிறைய வைத்துக்கொண்டு உரிப்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரிப்பேன். ஒவ்வொரு காய்க்கும் ஒரு சொல். முதல் நாள் அவரிடம் தெரியாமல் "தூ" போட்டுப் பேசிவிட்டேன். அங்கே "தூ" என்றால் நீ. மரியாதைக்கு "லேய்" என்று மொழி வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள், வாய்க்கு வரவில்லை. நோன்னா கோபிக்கவில்லை. "எங்கள் பக்கம் பெரியவர்களை வோய் என்போம்" என்று மட்டும் சொன்னார். வோய் என்பது பலபேரைக் கூப்பிடுகிற சொல். அதையே ஒருவருக்கு மரியாதையாகவும் போடுகிறார்கள். நம்முடைய "நீங்கள்" அப்படியே! அன்றைக்கு எனக்கு உயிர் வந்தது. என்னைவிட ஐம்பது வயது மூத்தவர், நான் துறவி என்பதால் எனக்கும் கடைசிவரை வோய்தான் போட்டார்.

அவர் பிறந்தது மத்தேரா நகரத்துக் குகை வீட்டில். சாஸ்ஸி என்று அந்தப் பகுதியைச் சொல்வார்கள். பாறையைக் குடைந்த ஒரே அறை, முன்பக்கம் ஆட்கள், உள்பக்கம் கோவேறு கழுதை. 1952இல் அரசு சட்டம் போட்டு அந்த மக்களைப் படிப்படியாகப் புது வீடுகளுக்கு மாற்றியது. அப்போது "நாட்டின் அவமானம்" என்று சொல்லப்பட்ட அந்தக் குகைகள் 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. 2019இல் மத்தேரா ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராகவும் இருந்தது. நோன்னாவுக்கு அதில் பெருமைதான். ஆனால் அவர் பேசப் பேச முகம் மலர்வது வேறொன்றுக்கு: விச்சினாத்தோ. நாலைந்து குகை வீடுகளுக்குப் பொதுவான முற்றம். ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மற்ற வீட்டுப் பெண்கள் மாறி மாறிப் பார்ப்பார்களாம். "எங்க ஊர்ல இதுக்கு வளவுன்னு பேரு" என்றேன். வளவு, வளவு என்று நாலு தரம் சொல்லிப் பார்த்தார்.

மதியம் ஒன்றரைக்கு மேல் நாலரை வரைக்கும் அங்கே கொன்ட்ரோரா. கடை அடைப்பு, கதவு அடைப்பு, தெருவில் ஆள் இருக்காது. உச்சி வேளையில் வெளியே போகாதே, ஏதாவது அண்டிவிடும் என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அந்த நம்பிக்கையும் அங்கே இருந்திருக்கிறது. அது தெரியாமல் நான் மூன்று மணிக்குக் கதவைத் தட்டிய வீடுகளில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. காபி போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். அவர்களுக்கும் நன்றி.

ரொட்டிக்கடைக்காரர் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மத்தேரா ரொட்டி நம் ஊர் பிரெட் இல்லை. ரவைக்கு ஆகும் கெட்டிக் கோதுமையில் செய்வது. ஒரு கிலோ, இரண்டு கிலோ எடை இருக்கும், மேலோடு மரப்பட்டை மாதிரி, உள்ளே மஞ்சள். ஒரு வாரம் வைத்துச் சாப்பிடலாம். அந்தக் காலத்தில் பெண்கள் வீட்டில் மாவு பிசைந்து, ஊர்ப் பொது அடுப்புக்கு அனுப்புவார்களாம். எந்த ரொட்டி யார் வீட்டுடையது என்று தெரிய, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மர முத்திரை உண்டு. ஆடு மேய்ப்பவர்கள் மேய்ச்சலில் உட்கார்ந்து செதுக்குவது. உள்ளங்கைக்குள் அடங்கும், மேலே பிடிக்க ஒரு சேவல் உருவம், அடியில் வீட்டுக்காரரின் பெயரெழுத்து.

ரொட்டிக்கடைக்காரரின் அப்பா அப்படி மேய்ச்சலில் வளர்ந்தவர். ஒருநாள் என்னிடம் காகிதத்தை நீட்டி, உங்கள் மொழியின் முதல் எழுத்தை எழுதுங்கள் என்றார். "அ" எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து ஆலிவ் மரத்தில் செதுக்கிய முத்திரை வந்தது. மாவில் அழுத்திப் பார்த்தால் எழுத்து இடம் வலம் மாறி விழுந்தது. தன் மொழியாக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் செதுக்கியிருப்பார். இந்த எழுத்துக்கு எது முன், எது பின் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் இன்னொன்று செதுக்கி வந்தார். அந்தப் பாஸ்கா ஞாயிறு அன்று மடத்துக்கு வந்த ரொட்டியின் மேல் ஓர் "அ" வெந்து, பொன்னிறமாக, ஓரம் கருகி நின்றது. கேரளத்துச் சகோதரி வெட்டவிடவில்லை. மாலைவரை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். இடம் வலம் மாறிப் போன முதல் முத்திரையை அவர் தன் அடுப்படியில் மாட்டி வைத்திருக்கிறார்.

பாஸ்கா என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். தவக்காலத்தில் அந்தப் பெண்கள் தட்டில் பஞ்சு விரித்துக் கோதுமை தூவி, வெளிச்சம் படாமல் அலமாரிக்குள் வைக்கிறார்கள். வெளிறிய மஞ்சள் முளை, முடிபோல நீளமாக வளரும். சிவப்பு ரிப்பன் கட்டிப் பெரிய வியாழன் இரவு நற்கருணைப் பீடத்தின் முன் வைப்பார்கள். நம் முளைப்பாரிதான்! முதல் வருடம் அதைப் பார்த்து என்னையறியாமல் கண்ணீர் வந்துவிட்டது. ஏன் அழுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. மறு வருடம் ஒரு தட்டு என் பேருக்கு ஒதுக்கினார்கள்.

குடியிருப்பு அனுமதிக்காக ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தபோது கூடவே வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். 16 யூரோ முத்திரை வில்லை ஒட்டி, கைரேகை கொடுத்து, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காகிதம் இல்லை என்று திரும்பி வந்தோம். நாலு தடவையும் விடியுமுன் காரை எடுத்துக்கொண்டு மடத்து வாசலில் நின்றார். ஒரு நாள் காத்திருக்கும்போது அவர் சொன்னதுதான்: 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபைக் குருக்கள் இந்தத் தென்னித்தாலிய மலைகளுக்கு வந்து பார்த்துவிட்டு, "இங்கேயே ஓர் இந்தியா இருக்கிறது" என்று கடிதம் எழுதினார்களாம். 1542இல் புனித சவேரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார்; அவர் வந்த கரையிலிருந்து ஒரு பெண் இப்போது இங்கே வந்திருக்கிறாள் என்று சொல்லி, எனக்கு இடம் கொடுக்க எழுந்து நின்றார்.

பயணங்களில் பாரிக்குப் போனது பலமுறை. 1087இல் கடல்வழியாகக் கொண்டுவந்த புனித நிக்கோலாவின் உடல் இருக்கும் ஊர். சின்ன இருப்புப்பாதை ரயில், வயல் நடுவே ஆடி ஆடிப் போகும். ஆனால் மனதில் நிற்பது சிசிலிப் பயணம். சலேர்னோவில் ரயில் ஏறினோம், மூத்த சகோதரியும் நானும். வில்லா சான் ஜொவான்னி வந்ததும் ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளினார்கள்! பெட்டியை விட்டு இறங்கி மேல்தளத்துக்குப் போனால் எதிரே சிசிலித் தீவின் மெஸ்ஸினா. கடற்கரைப் பிள்ளையான எனக்கு மூன்று வருடத்தில் அன்றுதான் உப்புக்காற்று முகத்தில் நன்றாக அடித்தது. பெட்டியில் கூட வந்த ஓர் அம்மா, எங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், சோற்றை உருட்டிப் பொரித்த அரஞ்சீனி இரண்டு வாங்கிக் கையில் வைத்துவிட்டுப் போனார். அவர் முகம்கூட இப்போது சரியாக நினைவில்லை. இருந்தாலும் நன்றி.

பலேர்மோவில் எங்களை வைத்துப் பார்த்தது யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று. எண்பதுகளிலிருந்தே அங்கே ஈழத்தமிழர் இருக்கிறார்கள். "வாங்கோ சிஸ்டர், முதல்ல சாப்பிடுங்கோ" என்று சோறும் மீன் குழம்பும் வைத்தார்கள். மாதக்கணக்கில் காதில் விழாத தமிழ். மூன்று முறை சோறு வாங்கினேன். ஞாயிறு விடியற்காலையில் பெல்லெக்ரீனோ மலைக்குக் கூட்டிப்போனார்கள். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது புனித ரோசாலியாவின் எலும்புகள் கிடைத்த குகை மேலே இருக்கிறது. அவரைத்தான் நகரமே காவலியாகக் கொண்டாடுகிறது. அந்த மலையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுகிறவர்களில் நம் தமிழர் நிறையப் பேர். கிறித்தவர்களும் உண்டு, நெற்றியில் திருநீறு இட்டவர்களும் உண்டு. குகைக்குள் கூரைப் பாறையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது; தகரக் கால்வாய் வைத்து வழித்து விடுகிறார்கள். அந்த வீட்டு அக்கா தன் முந்தானையை நனைத்து என் நெற்றியில் ஒற்றினார்.

இனிமேல் எழுதப்போவதுதான் பெரியம்மாவின் கேள்விக்கு உண்மையான பதில். இரண்டாவது வருடம் சனவரியில் எங்கள் தாத்தா இறந்த செய்தி வந்தது. வர முடியாத நிலை. நம் ஊரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுவதுபோல அங்கேயும் ஒருவர் இறந்தால் கறுப்புக் கரை போட்டுச் சுவரில் ஒட்டுவார்கள். மறுநாள் காலை பூசைக்குப் போகிறேன், சதுக்கத்துச் சுவரில் எங்கள் தாத்தா பெயர். "தூத்துக்குடி, மீனவர்" என்று போட்டு, கீழே "நம் சகோதரியின் தாத்தா" என்று. யார் அச்சடித்தது, யார் காசு கொடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊரில் தாத்தாவை யாரும் பார்த்ததில்லை. ஆனால் பூசைக்கு இருக்கை நிறைந்திருந்தது.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பது அங்கேயும் வழக்கம். பக்கத்து வீட்டார் சமைத்துக் கொண்டுவரும் சாப்பாட்டை கொன்சோலோ என்கிறார்கள், ஆறுதல் என்று பொருள். மூன்று நாள் மடத்துக்குப் பாத்திரம் வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் நோன்னா தடி ஊன்றி, பனியில், தானே வந்தார். மூடியைத் திறந்தால் சோறு. குழைந்து, உப்பில்லாமல், மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி. வாழ்நாளில் அவர் அப்படிச் சோறு வடித்ததே இல்லை, எனக்காக யாரிடமோ கேட்டு வடித்திருக்கிறார். தாத்தாவுக்காக நான் நன்றாக அழுதது அந்தச் சோற்றைச் சாப்பிடும்போதுதான்.

பனி என்றேன் இல்லையா, அதில் உங்களுக்கும் பங்குண்டு. பனிமய மாதா என்று சொல்லி வளர்ந்தோமே தவிர, நமக்குத் தெரிந்த பனி மார்கழிப் பனிதானே. போகும் முன் தெருவில் பிரித்துக் கொடுத்த காசில் வாங்கிய கோட்டுதான் மூன்று குளிர்காலத்துக்கும் காத்தது. வலை இழுக்கும் அண்ணன்மார் கொடுத்த காசு அது என்று போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். மாதாமாதம் எனக்காகப் பூசை வைத்த மாதர் சங்கத்துக்கும் நன்றி.

செப்டம்பரில் திரும்பிப் போகிறேன். ரொட்டிக்கடைக்கார அக்கா ஒரு வேலை கொடுத்திருக்கிறார். அவர்கள் ஊரில் செனீசே மிளகாயைச் சரம் கட்டி பால்கனியில் காயவைத்து, எண்ணெயில் ஒரு நொடி பொரித்துச் சாப்பிடுவார்கள். மொறுமொறுவென்று இருக்கும், காரமே இருக்காது, இனிப்புதான். எங்கள் மோர் மிளகாய் வேறு மாதிரி என்று நான் சொல்லப்போய், கொண்டுவந்து காட்டியே ஆக வேண்டும் என்றுவிட்டார். அம்மா நேற்றே மொட்டைமாடியில் இரண்டு கிலோ காயப் போட்டுவிட்டாள். பாதி ரொட்டிக்கடைக்கு, பாதி நோன்னாவுக்கு. நோன்னாவுக்குக் காரம் ஆகாதே என்றேன். "அவங்க சோறு வடிச்சாங்கல்லா, எடுத்துட்டுப் போ" என்கிறாள்.

செபத்துடன்,
உங்கள் பிள்ளை,
சிஸ்டர்