சிகிச்சைக்குப் போகும் பெண்கள் கூடிப் பேச ஓர் அறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் காரிமங்கலத்தில் வீட்டிலேயே துணி தைக்கிறேன். வயது 33, கல்யாணமாகி 9 வருஷம். குழந்தைக்காக இரண்டு முறை ஐ.யு.ஐ. (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது), ஒரு முறை ஐ.வி.எஃப். (கருவை வெளியே உருவாக்கிக் கருப்பையில் வைப்பது) பார்த்தாயிற்று. எதுவும் தங்கவில்லை.

சிகிச்சைக்குச் சேலம் போய்வந்தேன். ஊசி மருந்து சூடாகக் கூடாது என்பதால் ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, தொப்பூர் கணவாய் முழுக்க இரண்டு கையாலும் பிடித்திருப்பேன். பக்கத்து சீட்டு அம்மா ஒருமுறை "காப்பியா கண்ணு?" என்றார். ஆமாம் என்றேன்.

கரு வைத்த பிறகு ரத்தப் பரிசோதனைக்குச் சுமார் 2 வாரம் காத்திருக்க வேண்டும். இருமினால் பயம், படி ஏறினால் பயம். ரிசல்ட் சொல்லி போன் வந்தபோது ஒரு வளைகாப்புப் புடவைக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு மீதிக் கையையும் தைத்து முடித்தேன். அந்த வளைகாப்புக்கு எனக்கு அழைப்பு வரவில்லை.

அந்த நாட்களில் என்னைத் தாங்கியது ஸ்கேனுக்குக் காத்திருந்த பெஞ்சில் பழக்கமான மூன்று பேர். பென்னாகரத்து அக்கா, அரூரிலிருந்து ஒருவர், ஊத்தங்கரையிலிருந்து ஒருவர். "ஒரு வாரம் யார் போனையும் எடுக்காதே, ஆனால் சோறு ஆக்குவதை நிறுத்தாதே" என்று அரூர்க்காரர் சொன்னதை அப்படியே செய்தேன். என் மாமியார் நல்லவர்தான். ஆனாலும் அவரிடம் இதைப் பேச முடியுமா?

அப்புறம் பென்னாகரத்து அக்காவுக்குத் தங்கியது. சந்தோஷப்பட்டேன், அன்று ராத்திரி அழவும் செய்தேன். எங்கள் மனசு நோகுமே என்று அவரும் போன் செய்வதை விட்டுவிட்டார். அதை எப்படிப் பேசுவது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தால் அக்காவை இழந்திருக்க மாட்டோம்.

அமெரிக்காவில் உளவியலாளர் ஆலிஸ் டோமர் குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெறும் பெண்களின் மனச்சோர்வு புற்றுநோயாளிகளுடையதற்கு நிகராக இருந்தது. படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. நம் நாட்டிலும் செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம், தம்பதிக்கு ஆலோசனை தருவதை மையத்தின் கடமை என்கிறது. நான் போன இடத்தில் கட்டண விவரம் சொல்லிக் கையெழுத்து வாங்கியதோடு ஆலோசனை முடிந்தது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) ஒரு ராத்திரி பேசினேன், பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் அதே ஊசியைத் தன் வயிற்றில் போட்டுக்கொண்டவள் எதிரில் உட்கார்ந்து கேட்பது வேறு.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் அறை கொடுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் வந்து நடத்தட்டும். எங்கே சிகிச்சை எடுத்தாலும், பாதியில் நிறுத்தியிருந்தாலும் வரலாம் என்று இருக்க வேண்டும். பேர், ஊர் எழுதச் சொல்லக் கூடாது. பிரசவ வார்டு இருக்கும் பக்கம் மட்டும் வேண்டாம், அந்த வராண்டாவைத் தாண்டி வர எங்களால் முடியாது. மதியம் 3 மணிக்குள் முடித்துவிட்டால் அரூர், பென்னாகரம் பெண்கள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.