மே மாதம் அருவி பார்க்க வரும் தம்பிக்கு

தாப்பா, பேராக்

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். மே லீவுக்குப் பிள்ளைகளோடு வருவதாக எழுதியிருந்தாய், அம்மாவும் கூட வருகிறார்கள் என்றதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கோலாலம்பூர் ஒரு நாள் போதும், உங்கள் பக்கம் அருவி இருக்கிறதாமே என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. தாப்பாவைச் சுற்றி செம்பனைத் தோட்டமும் மிச்சம் மீதி ரப்பர்த் தோட்டமும்தான். ஆனால் ஊருக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். அங்கிருந்து இறங்கும் ஓடைகளில் சின்னச் சின்ன அருவிகளுக்குக் குறைவில்லை. இந்தப் பக்கம் அருவியின் பெயருக்கு முன்னால் 'லாத்தா' என்று போட்டிருப்பார்கள்.

குற்றாலத்துக்காரன் என்ற தைரியத்தில் மட்டும் வராதே. அங்கே தண்ணீர் கூடினால் போலீஸ் விசில் அடிக்கும், குளிக்கத் தடை என்று டிவியில் ஓடும். அப்படியிருந்தும் 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பையனைக் கொண்டுபோனது. இங்கே காட்டு ஓடைகளில் விசில் அடிக்க ஆளே கிடையாது. தண்ணீரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். லாத்தா இஸ்கந்தார், தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், 59-ஆம் எண் சாலை, ஓரத்திலேயே இருக்கிறது. காரை விட்டு இறங்கினால் அருவி. முட்டி வலி உள்ள அம்மாவுக்கு இதுதான் சரி. ஓராங் அஸ்லி என்ற பழங்குடி மக்கள் அந்தச் சாலையோரம் பெத்தாய் என்ற காட்டு அவரையும் தேனும் வைத்து விற்பார்கள். சனி, ஞாயிறு வேண்டாம், கார் நிறுத்தவே இடம் இருக்காது.

அதே சாலையில் அதற்கு முன்னாலேயே வருவது கோலா வோ. ஆறுகள் கூடும் இடம், பக்கத்திலேயே வெந்நீர் ஊற்று. உன் மகளுக்கு அங்கே ஒன்று காட்ட வேண்டும். ராஜா புரூக் என்ற பெரிய வண்ணத்துப்பூச்சி, வெந்நீர் கசியும் ஈர மண்ணில் வந்து உட்காரும். கறுப்பு இறக்கையில் பளீரென்ற பச்சை முக்கோணங்கள், கழுத்தில் சிவப்பு. உட்காருவதெல்லாம் ஆண்தான், மண்ணில் உள்ள உப்புச் சத்தை உறிஞ்ச வருகிறது. நிழல் மேலே விழாமல் தாழ்வாகக் குந்தி இருந்தால் ஒரு முழம் வரைக்கும் கிட்டே பார்க்கலாம்.

மூன்றாவது லாத்தா கிஞ்சாங், செண்டிரியாங் பக்கம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகும்போதே மலையில் வெள்ளைக் கோடாகத் தெரியும். பாறையில் படிப்படியாக வழியும் நீண்ட அருவி, கீழே உள்ள குட்டைகள் பிள்ளைகளுக்குப் போதும். மேலே ஏற ஏறப் பாறை செங்குத்தாகிவிடும், ஏறியவன் இறங்கத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் அது.

இவை தவிர தோட்டத்துக்குப் பின்னால் உள்ள பெயரில்லாத ஓடைகளும் இடுக்குகளும். எனக்குப் பிடித்தவை அவைதான், ஆனால் தன்னிச்சையாகப் போகும் இடமல்ல. காப்புக் காட்டுக்குள் மலையேற வனத்துறையின் அனுமதி வேண்டும், பதிவு பெற்ற வழிகாட்டியும் கூட வர வேண்டும். ஓராங் அஸ்லி கிராமத்தைத் தாண்டிப் போவதானால் அவர்கள் தலைவரான பாத்தினிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை. வழியில் நிற்கும் டுரியான் மரத்துக்கு ஆள் இருக்கிறான், விழுந்து கிடக்கிறதே என்று பொறுக்காதே. செம்பனைத் தோட்டத்து மண் சாலை ஒரு மழைக்கே சேறாகிவிடும். குலை ஏற்றிய லோரி எதிரே வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும்.

இப்போது நேரம். நீ வரும் மே மாதம் இந்தப் பக்கத்தில் பருவக் காற்று மாறும் காலம். காலையில் வெயில் பளபளவென்று இருக்கும், மதியம் தாண்டினால் இடியும் மழையும். குற்றாலத்தில் மழைச் சாரலுக்காகக் காத்திருப்போம், இங்கே மழை வருமுன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இங்கே சூரியன் உதிக்கவே 7 மணி தாண்டும். எனவே 7 மணிக்குப் பசியாறிவிட்டு 8 மணிக்குள் ஓடையில் இருக்கலாம், மதியம் 1 மணிக்குள் கரையேறிவிட வேண்டும். தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கிறதே என்று பார்க்காதே, கிழக்கே மலை முகட்டைப் பார். முகடு மேகத்துக்குள் போய்விட்டால் மேலே மழை தொடங்கியிருக்கும்.

அந்த மழைதான் விஷயம். மேலே பெய்தது ஒரே தள்ளாகக் கீழே வெள்ளமாக வருவதற்கு இங்கே கெப்பாலா ஆயேர் என்று பெயர். தித்திவங்சா கருங்கல் மலை, சரிவு கடுமை, ஓடைகள் நீளம் குறைந்தவை. மழைத் தண்ணீர் ஊறி நிற்க நேரமில்லாமல் இறங்கிவிடும். முறிந்த கிளையும் சருகும் இடுக்கில் அடைத்துக்கொண்டு தற்காலிக அணையாகிவிட்டால் இன்னும் மோசம், அது உடையும்போது மொத்தமும் சேர்ந்து வரும். கீழே குளிப்பவன் மேல் ஒரு துளி மழைகூட விழுந்திருக்காது.

குளிக்க இறங்குமுன் ஒரு குச்சியை நீரும் மணலும் தொடும் கோட்டிலேயே குத்திவை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார். குச்சியின் அடி நனைந்து விரல்கடை ஏறியிருந்தால், கேள்வியே வேண்டாம், எல்லோரும் மேலே. தெளிந்த தண்ணீர் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறுவது, பச்சை இலையும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வருவது, அருவிச் சத்தம் கனத்துக் கேட்பது, எல்லாம் அதே சேதிதான். சில நேரம் இந்த அறிகுறி ஒன்றுகூடத் தெரியாமலும் வரும், அதனால்தான் நேரக் கட்டுப்பாடு.

வெள்ளம் வந்துவிட்டால் ஓடையோரமாகக் கீழ்நோக்கி ஓடக்கூடாது, தண்ணீர் உன்னைவிட வேகம். பக்கவாட்டில் கரைமேல் ஏறு. பை, செருப்பு, போன் போனால் போகட்டும். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயலாமல் அங்கேயே உட்கார். மழை நின்றால் சின்ன ஓடை பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடியும். இடுங்கிய பள்ளத்துக்குள் இருபுறமும் பாறைச் சுவர் என்றால் ஏற வழி இருக்காது. அப்படிப்பட்ட இடத்துக்குப் பிள்ளைகளை மே மாதத்தில் கூட்டிப்போவதில்லை என்று இப்போதே முடிவு செய்துகொள்.

அணை உள்ள ஆறு வேறு கதை. இந்த மலையில் நீர்மின் நிலையங்கள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் ஆற்றுப் படுகையில் பாய் விரிக்காதே, சைரன் கேட்டால் யாரையும் விசாரிக்காமல் கரையேறு. 2013 அக்டோபரில் ரிங்லெட் அணையைத் திறந்து விட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்ச்சேதமே ஆனது.

காலுக்குச் சிலிப்பர் ஆகாது. ரப்பர் மரத்தில் பால் எடுக்கிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, எல்லோரும் அடிடாஸ் கம்போங் என்பார்கள், அதுதான் வேண்டும். முழுக்க ரப்பர், அடியில் முள் முள்ளாக இருக்கும், தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு நடக்கலாம். விலையும் சொற்பம், வந்ததும் வாங்கிக்கொள்ளலாம், கால் அளவு மட்டும் எழுதி அனுப்பு. அதைப் போட்டாலும் பாசி பிடித்த ஈரப் பாறை கஞ்சி கொட்டிய தரைதான். காய்ந்த பாறையில் மட்டும் கால் வை. ஓடையைக் கடக்கும்போது அகலமான, ஆழமில்லாத இடம் பார், இடுங்கிய இடம் பக்கமாகத் தெரிந்தாலும் வேகம் அங்கேதான் அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. முழங்காலுக்கு மேல் ஓடினால் திரும்பிவிடு. மேல்நோக்கிப் பார்த்தபடி, கம்பு ஊன்றி, பையின் வாரைத் தளர்த்திவிட்டுக் கட. அருவியின் தலைப்பில் ஒருநாளும் கடக்காதே.

உன் மூத்தவன் பாறையிலிருந்து குதிப்பான், எனக்குத் தெரியும். கூடாது. ஒவ்வொரு வெள்ளமும் மணலையும் மரத்தையும் இடம் மாற்றிப் போடும், போன வாரம் ஆழமாக இருந்த குட்டை இந்த வாரம் இடுப்பளவு இருக்கலாம். அருவி நேராக விழும் இடத்தில் தண்ணீரில் காற்று கலந்து நுரைத்திருக்கும், அந்த நுரை நீச்சல்காரனையும் தாங்காது.

அட்டை உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. இலை விளிம்பில் நிமிர்ந்து நின்று ஆடிக்கொண்டிருக்கும், நடந்து போகிறவனின் சூடும் மூச்சும் பட்டால் ஒட்டிக்கொள்ளும். முழங்கால் வரை வரும் நெருக்கமான துணிக் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகு, புகையிலை ஊறவைத்த தண்ணீரைத் தடவிக்கொள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதே, உப்பும் நெருப்பும் வைக்காதே, அது குடித்ததைப் புண்ணிலேயே கக்கும். மெல்லிய முனையின் அடியில் நகத்தை விட்டு நெம்பு, பிறகு பருத்த முனையை. இரத்தம் உறையாமல் செய்கிறது என்பதால் கொஞ்ச நேரம் ஒழுகும், அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

அட்டையைவிட, எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல்தான் கவலை. காலில் புண் இருந்தால் நீர்புகாத பிளாஸ்டர் ஒட்டாமல் இறங்காதே, ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே. ஊருக்குத் திரும்பியபின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், மலேசியாவில் காட்டு ஓடையில் குளித்தேன் என்று டாக்டரிடம் நீயே சொல். சொல்லாவிட்டால் டெங்கு என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மேலே போனில் லைன் எடுக்காது. திரும்பும் நேரத்தை உன் அண்ணியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம், அவசர எண் 999. காரில் பையைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டாம்.

வரும்போது ஈரிழைத் துண்டு ஆறு கொண்டுவா. இங்கே கிடைக்கும் தடித்த டவல் இந்த ஈரக் காற்றில் இரண்டு நாளானாலும் காயாது.

அன்புடன்,
அண்ணன்