பரமபதம் வேண்டாம், செல்வம்

மதுரை

அன்புள்ள செல்வம்,

உசிலம்பட்டி கிளினிக்கில் வெள்ளையடித்து முடித்து, ஸ்டீல் நாற்காலியும் வந்து இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அத்தைக்கு முழங்கால் வலி இப்போது தேவலையா? சுகர்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, காத்திருக்கும் கூடத்தில் தரை முழுக்கப் பரமபதம் வரைந்து, பாம்புகளுக்குப் பரோட்டா, ஜிகர்தண்டா என்று பெயர் வைக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாயே, பெயிண்டருக்கு முன்பணம் கொடுக்காமல் இருந்தால் அப்படியே நிறுத்து.

பரமபதம் வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்க ஆடுவது. விடிய விடிய இழுக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்ட ஆட்டம். ஓ.பி.யிலோ எந்த நிமிடமும் டோக்கன் கூப்பிடுவார்கள். ஆட்ட மும்முரத்தில் இருப்பவர் டோக்கனைக் கோட்டை விடுவார், பிறகு கவுண்டரில் சண்டை. அதைவிடப் பெரிய கோளாறு தாயக்கட்டை. பாம்பு கடிப்பதும் ஏணி ஏறுவதும் விழுந்த எண்ணால்தான், ஆடுகிறவர் செய்த எதனாலும் இல்லை. 'எல்லாம் தலையெழுத்து' என்று மாத்திரையை நிறுத்திவிட்டு வந்திருப்பவருக்கு அதையே நாம் படம் போட்டுக் காட்டுவதா? தவிர, சாப்பாட்டுக்குப் பிறகான சுகர் டெஸ்டுக்குக் காத்திருப்பவர் எழுந்து நடமாடினால் அளவு இறங்கும். கட்டம் கட்டமாக நடக்கவிட்டால் ரிப்போர்ட் நம்மாலேயே கெடும்.

அந்த டெஸ்டுதான் உனக்குக் கிடைத்திருக்கும் நல்ல நேரம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தவர், டிபன் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போகவும் முடியாது, டீ வடை சாப்பிடவும் கூடாது. அந்த 2 மணி நேரம் முதல் வாய் இட்லியிலிருந்து கணக்கு, கை கழுவியதிலிருந்து இல்லை. ரிப்போர்ட் நன்றாக வரட்டும் என்று ஒரே இட்லியோடு எழுந்துவிடுகிறவர்களும், வழக்கமான மாத்திரையைப் போடாமல் வருகிறவர்களும் உண்டு. ஆட்டத்தின் முதல் சீட்டிலேயே இதைச் சொல்லிவிடு. அடுத்த ரத்தம் எத்தனை மணிக்கு என்பதை டோக்கன் சீட்டின் பின்னால் பெரிதாக எழுதிக் கொடு.

ஆட்டம் சீட்டாட்டமாகவே இருக்கட்டும். நாற்காலிகள் மூன்று மூன்றாக ஒரே பக்கம் பார்த்துப் போட்டிருப்பார்கள், பலகை வைக்க இடம் கிடையாது, மடிதான் மேஜை. ஒரு சுற்று மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. எழுந்து போகிறவர் சீட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போனாலும் ஆட்டம் நடக்க வேண்டும். எழுத்தே வேண்டாம், எல்லாம் போட்டோ. உணவுப் படங்களை ஒரே எவர்சில்வர் தட்டில், ஒரே உயரத்திலிருந்து எடு. அப்போதுதான் 2 இட்லிக்கும் 6 இட்லிக்கும் வித்தியாசம் கண்ணில் படும். நம் பக்கத்தில் ஆளைக் கவிழ்ப்பது பரோட்டா இல்லை, அது கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். 'எவ்வளவு தின்றாலும் ஏறாது' என்று நம்பும் கேழ்வரகுக் களிதான். கேழ்வரகில் நார்ச்சத்து கூடுதல், ஆனால் மாவுச்சத்து அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அதேபோல் சீனி, கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் நான்கையும் வைத்து 'இதில் சுகர்காரருக்கு ஆகாதது எது?' என்று கேள். சீனியை மட்டும் எடுத்துத் தனியாக வைப்பார்கள். நான்கும் ஒரே பக்கம்தான் போக வேண்டும் என்றதும் பேச்சு கிளம்பும் பார், அந்தப் பேச்சுக்காகத்தான் சீட்டே.

இரண்டாவது கட்டு, சுகர் திடீரென்று இறங்கினால் என்ன செய்வது என்று வரிசைப்படுத்துவது. வியர்வை, கை நடுக்கம், பசி, மெஷினில் 70-க்குக் கீழே, மூன்று தேக்கரண்டி சீனி, அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது, ஏறியதும் சாப்பாடு. கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல். நடுவில் சாக்லேட் படம் ஒன்றைச் செருகிவை. கொழுப்பு இருப்பதால் அது சுகரை மெதுவாகத்தான் ஏற்றும், அவசரத்துக்கு உதவாது. மயங்கிக் கிடப்பவர் படமும் ஒன்று வேண்டும். அதற்கு ஜோடி 108 மட்டுமே, வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இன்சுலின் போடுகிறவர்களுக்குத் தனிக் கட்டு செய். உயிர் போகிற விஷயம் அதில்தான் இருக்கிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் உள்ள குப்பிக்கு ஆரஞ்சு மூடி. 100 குப்பி மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். மாற்றிச் செய்தால், 20-க்குப் பதில் 8 மட்டுமே. ஜோடி சேர்க்கும் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. கூடத்தில் நிஜ ஊசியைக் கொடுத்துவிடாதே; அட்டையில் ஒரு அடி நீளத்தில், இழுத்தால் நகரும் பிஸ்டனோடு சிரிஞ்ச் செய்து, '16 யூனிட் இழுங்கம்மா' என்று கேட்டால் போதும். பிறகு 'மருந்தை எங்கே வைப்பீர்கள்?' சீட்டு: டிவி மேலே, ஃப்ரீசர், ஃப்ரிட்ஜ் கதவு, ஈரமணலில் வைத்த மண்பானை, ஸ்கூட்டர் டிக்கி. உறைந்த இன்சுலின் மறுபடி இளகினாலும் குப்பைக்குத்தான் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியது லேமினேஷன். 250 மைக்ரான் உறையாகக் கேட்டு வாங்கு, 125 போட்டால் சீட்டு வளைந்துகொள்ளும். அட்டையைச் சுற்றி 4, 5 மில்லிமீட்டர் வெறும் பிளாஸ்டிக் ஒட்டியிருக்க வேண்டும். ஓரத்தோடு ஒட்ட வெட்டினால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கத் துடைக்க ஈரம் உள்ளே ஏறிப் பிரிந்துவிடும். பளபளப்பு வேண்டாம், டியூப்லைட் வெளிச்சத்தில் வயசானவர்களுக்குப் படமே தெரியாது. காய்ச்சல் ஓ.பி. நடக்கும் நாளில் சீட்டுக்கட்டை எடுத்துப் பூட்டிவிடு. சோழி, புளியங்கொட்டை எதுவும் கூடத்துக்குள் வரக் கூடாது. பாட்டியோடு வரும் பிள்ளை அதை மூக்கில் போட்டுக்கொள்ளும். ஜெயித்தவருக்கு பிஸ்கட் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய் பார், அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். பரிசே வேண்டாம்ப்பா.

இன்னொன்று, யாரிடமும் 'உங்கள் சுகர் எவ்வளவு?' என்று கூடத்தில் கேட்காதே. ஊர்க்காரர்கள் நாலு பேர் பக்கத்தில் இருப்பார்கள்.

உன் தம்பி கண் ஆஸ்பத்திரியிலும் இதே சீட்டை வைக்கலாமா என்றானாமே. சொட்டு மருந்து விட்டு 20, 30 நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள், அதன் பிறகும் சில மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். அங்கே காதால் ஆடுவதுதான் சரி. ஒரு சிஸ்டர் விடுகதை மாதிரிக் கேள்வி போட, வரிசை பதில் சொல்லட்டும். ஸ்பீக்கர் வைத்தால் டோக்கன் அழைப்பு கேட்காது, வாய்க்குரலே போதும் என்று சொல்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க, ஆடியவரிடம் மருந்து வாங்கும் ஜன்னலில் அந்த அட்டை சிரிஞ்சை நீட்டி இழுக்கச் சொல். 'நல்லா இருந்துச்சு சார்' என்று எல்லோரும்தான் சொல்வார்கள், அதைக் கணக்கில் எடுக்காதே. எந்தச் சீட்டில் கை தடுமாறுகிறதோ அந்தப் படத்தை மாற்று.

முதல் தடவை பத்துக் கட்டுக்கு மேல் அடிக்காதே. அடிப்பதற்கு முன் களி போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பு, உருண்டை அளவு சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பாண்டி