அந்தச் சாங்ஷன் லெட்டர் பற்றி, மலருக்கு

அன்புள்ள மலருக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய, வீட்டுக்கடன் அனுமதியாகிவிட்டது என்கிற அந்த லெட்டரைப் பெரிதாக்கி வைத்து வரி வரியாகப் படித்தேன். ஒரு ரூபாய்கூடக் கட்டிவிடாதே. அது போலி.

மேலே ரிசர்வ் வங்கி முத்திரை போட்டிருக்கிறான். ரிசர்வ் வங்கி தனி ஆளுக்கு வீட்டுக்கடன் கொடுப்பதும் இல்லை, இன்னொருவர் கொடுக்கிற கடனுக்கு முத்திரை குத்துவதும் இல்லை. மேலாளர் என்று கையெழுத்துப் போட்டவருக்கு ஜிமெயில் முகவரி. ப்ராசஸிங் கட்டணம் ஜிஎஸ்டியோடு 3,540 ரூபாய். கட்டினால் 24 மணி நேரத்தில் 60 லட்சம் கணக்கில் ஏறுமாம். அந்தக் கட்டணம் போய்ச் சேரும் கணக்கோ யாரோ ஒருவரின் சேமிப்புக் கணக்கு.

இதெல்லாம் போகட்டும். இத்தனை வருடம் வங்கியின் கடன் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு முதலில் உறுத்தியது வேறு. உன்னிடம் ஆதார், பான், சம்பளச் சீட்டு எல்லாம் வாங்கியிருக்கிறார்கள், வீட்டுப் பத்திரத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. நிஜமான கடன் என்றால், தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரம்), வில்லங்கச் சான்று, பட்டா, பிளான் அப்ரூவல் எல்லாவற்றையும் வக்கீல் பார்த்து, சொத்தில் சிக்கல் இல்லை என்று லீகல் ஒப்பீனியன் தரவேண்டும். இன்ஜினியர் நேரில் போய் மதிப்புப் போடவேண்டும். சம்பளத்தை வைத்து 'இவ்வளவு வரை தரலாம்' என்று முன்னாலேயே சொல்கிற வங்கிகள் உண்டு, சரி. ஆனால் பத்திரத்தைப் பார்க்காமல் பணத்தையே போடுகிறேன் என்கிறவன் உன் 3,540 ரூபாய்க்காக வந்தவன். அதோடும் விடமாட்டான். அடுத்து இன்சூரன்ஸ் என்பான், அப்புறம் டிடிஎஸ் வரி என்பான், அப்புறம் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று என்பான். முதலில் கட்டியது வீணாகிவிடுமே என்றுதான் பலர் அடுத்தடுத்துக் கட்டுகிறார்கள்.

நிஜமான வங்கியும் கட்டணம் வாங்கும், சில இடங்களில் விண்ணப்பத்தோடேயே. ஆனால் அது வங்கியின் கணக்குக்குப் போகும், ரசீது வரும். 2024 அக்டோபரிலிருந்து வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, கையெழுத்துக்கு முன்னாலேயே உன் கையில் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. அதில் இல்லாத கட்டணத்தை உன் சம்மதம் இல்லாமல் பிறகு கேட்க முடியாது. லெட்டரில் இருக்கிற கம்பெனி பெயர் நிஜமானதாக இருக்கிறதே என்று சமாதானம் ஆகாதே. நல்ல கம்பெனிகளின் பெயரைத்தான் திருடுவார்கள். கிளைக்கு நேரில் போய்க் கேள்.

உனக்கு இது ஏன் நம்பத் தோன்றியது என்பதும் எனக்குப் புரிகிறதம்மா. வீடு 60 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் எந்த வங்கியும் தரக்கூடாது. ஆக 48 லட்சம்தான் வரும். மீதி 12 லட்சம் நம் கைக்காசு. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னொரு 5 லட்சத்து 40 ஆயிரம். அதற்கும் பெரும்பாலும் கடன் கிடைக்காது. இந்தக் கிட்டத்தட்டப் பதினேழரை லட்சத்துக்கு நீ முழித்துக்கொண்டிருக்கும்போது ஒருவன் வந்து முழுத் தொகையும் தருகிறேன் என்கிறான். மொத்த விலைக்கும் கடன் என்கிற அந்த வார்த்தையே அவனைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆதாரும் பானும் அவர்கள் கைக்குப் போய்விட்டன. இரண்டு மாதம் கழித்து, உன் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் சிபில் ரிப்போர்ட் எடுத்துப் பார். வருடத்துக்கு ஒரு முறை இலவசம். உன் பெயரில் நீ வாங்காத கடன் ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே புகார் கொடு. ஓடிபி கேட்டால் சொல்லாதே. உன் தோழியும் அதே ஆளிடம் பேசினாள் என்றாயே, அவள் பணம் கட்டியிருந்தால் இப்போதே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் பண்ணச் சொல். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வழி உண்டு.

வீட்டை விற்பவருக்கு அட்வான்ஸும் இப்போது அதிகம் கொடுக்காதே. லீகல் ஒப்பீனியன் வரட்டும். பதினேழரையில் எவ்வளவு நம்மால் முடியும் என்று நானும் அம்மாவும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பேசலாம். அதற்குள் பத்திரத்தின் நகலை எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பு, தாய்ப்பத்திரத்தையும் சேர்த்து.

அன்புடன்,
அப்பா