மனந்திரும்ப நாள் பார்க்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். மனந்திரும்புதலைப் பற்றி ஆன்மிகப் பக்கத்தில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் கண்ணீரோடு நின்றுவிடுகின்றன. கண்ணீருக்குப் பிறகு செய்ய வேண்டியதையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ரோமத் தேசாதிபதி பேலிக்ஸ், தன் காவலில் இருந்த அப்போஸ்தலன் பவுலின் பேச்சைக் கேட்டுப் பயந்தான். 'இப்போது போ, சமயம் வாய்க்கும்போது கூப்பிடுகிறேன்' என்றான் (வேதாகமத்தில் அப்போஸ்தலர் 24). சொன்னபடி அடிக்கடி கூப்பிட்டுப் பேசவும் செய்தான். பணம் கிடைக்குமா என்ற நப்பாசை வேறு. இரண்டு வருஷம் ஓடியது. பவுலைக் காவலிலேயே விட்டுவிட்டுப் பதவியிலிருந்து போனான். தள்ளிப்போடுகிறவருக்குச் சாவு முந்திக்கொள்ளலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே மனம் மரத்துப்போகும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிட வேண்டும். 'நான் பாவி, மன்னியும்' என்று மொத்தமாகச் சொன்னால் எதையும் விட வேண்டியதில்லை. 'தம்பியின் பங்கை ஏமாற்றி எழுதி வாங்கினேன்' என்று சொல்லும்போதே அடுத்த வேலை என்னவென்று தெரிந்துவிடும்.

அந்த வேலைக்கு லேவியராகமம் 6 கணக்கே கொடுக்கிறது: எடுத்தது முழுவதும், மேலே ஐந்தில் ஒரு பங்கு. நூறு எடுத்தவர் நூற்றிருபது கொடுக்க வேண்டும்; அதுவும் பலி செலுத்தும் அதே நாளில், உரியவர் கையில். உரியவரும் இல்லை, வாங்கிக்கொள்ள இனத்தாரும் இல்லை என்றால் ஆசாரியனிடம் சேர வேண்டும் என்கிறது எண்ணாகமம் 5. வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தர முன்வந்தான். இது மன்னிப்புக்குக் கொடுக்கும் விலை அல்ல. மன்னிப்பு கிருபையால் வருவது. ஆனால் எடுத்த பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் அந்தத் திருட்டு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

சவுல் ராஜா 'பாவஞ்செய்தேன்' என்றான்; அதே மூச்சில், மூப்பர் முன் தன்னைக் கனம்பண்ணும்படி தீர்க்கதரிசி சாமுவேலைக் கெஞ்சினான். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், அதற்கு வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். ஆனால் ஆண்டவரிடம் திரும்பவில்லை.

'இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளன் கடைசி நேரத்தில் தப்பினானே' என்பவர்கள், மறுபக்கம் தொங்கிய, மனந்திரும்பாத கள்ளனுக்கும் அதே நேரம் இருந்ததை யோசிக்க வேண்டும்.

முழுத்தொகை இல்லாதவர் இருப்பதை இன்றே கொடுத்து, மீதிக்குத் தேதி சொல்லலாம். உண்மையைச் சொன்னால் மூன்றாம் நபர் பாதிக்கப்படுவார் என்றால் முதலில் போதகரிடம் ஆலோசனை கேளுங்கள். அதையும் இந்த வாரத்துக்குள் கேளுங்கள்.

இப்படிக்கு,
வேதபாட ஆசிரியர் ஒருவர்