‘படம்: இணையம்’ என்று எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

புலம்பெயர் தமிழ்ப் பத்திரிகைகள், தொலைக்காட்சிகள், செய்தித் தளங்கள் ஆகியவற்றின் மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று லண்டனில் எடுக்கப்பட்ட ஒரு படம், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களை நெஞ்சோடு பிடித்தபடி பெண்கள் நிற்கும் அந்தப் படம், இரவு பத்து மணிக்குள் எத்தனை தளங்களில் வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரு தளத்தில் ‘படம்: இணையம்’ என்றிருந்தது. இன்னொன்றில் ‘நன்றி: முகநூல்’. மூன்றாவதில் அதுவுமில்லை, வலது மூலையில் அந்தத் தளத்தின் இலச்சினை மட்டும் பளிச்சென்று இருந்தது. எடுத்தவரின் பெயர் எங்குமே இல்லை. இணையம் கமராவைத் தூக்கிக்கொண்டு நான்கு மணித்தியாலம் நிற்பதில்லை, ஐயா. முகநூலுக்குக் கால் உளைவதுமில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். படத்தின் கீழே எடுத்தவரின் பெயரைப் போடுங்கள்.

இது பெயராசை அல்ல. வெளிநாட்டில் ஒளிப்பட ஊடகவியலுக்குள் நுழைய நினைக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அந்த ஒற்றை வரி என்ன வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரித்தானியாவில் பொது இடத்தில் படமெடுக்கப் பொதுவாக யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆனால் ஆர்ப்பாட்டம் ஒன்றில் பொலிஸார் தடுப்புப் போட்டதும், உள்ளே நிற்பவர் ஊடகத்தவரா ஆர்ப்பாட்டக்காரரா என்பதை முதலில் தீர்மானிப்பது கழுத்தில் தொங்கும் பத்திரிகையாளர் அட்டைதான். பொலிஸ் படைகள் அங்கீகரிக்கும் அந்த அட்டையைத் தொழிற்சங்கங்களும் தொழில்சார் அமைப்புகளும் வழங்குகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். (அட்டை இருந்தாலும் எல்லாம் சரியாகிவிடாது. 2022 நவம்பரில் லண்டனைச் சுற்றியோடும் எம்25 நெடுஞ்சாலையில் நடந்த போராட்டத்தைப் பதிவுசெய்யப் போன வானொலிச் செய்தியாளரையும் ஒளிப்படக்காரரையும் ஹேர்ட்போர்ட்ஷையர் பொலிஸ் கைதுசெய்தது. அட்டையே இல்லாதவனின் கதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.) விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது, செய்தி வேலை செய்து பிழைக்கிறீர்கள் என்பதற்கான சான்று. அதாவது பெயரோடு வெளியான பக்கங்கள், பணம் பெற்றதற்கான இன்வொய்ஸ்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் தளங்களில் ஒருவரின் நாற்பது படங்கள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாற்பதிலும் ‘படம்: இணையம்’. சான்றாகக் காட்ட ஒன்றுகூட மிஞ்சாது. சான்று இல்லாவிட்டால் அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் தடுப்புக்கு வெளியே நின்று மற்றவர்களின் முதுகுகளைத்தான் படமெடுக்கலாம். முதுகுப் படத்தை எந்த ஏஜென்சி வாங்கும்? அவர் நாற்பத்தோராவது படத்தையும் உங்களுக்கே இலவசமாக அனுப்புவார். அதிலும் பெயர் இருக்காது.

மாணவர் விசாவில் வந்தவரின் நிலை இதைவிட இறுக்கம். அந்த விசாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. சுயதொழில் அறவே கூடாது. ஒரு படத்தைத் தன்பாட்டில் விற்று இன்வொய்ஸ் எழுதினால் அது சுயதொழில். ஒளிப்பட இதழியலையே படிக்க வந்தவர், படித்ததை வைத்து ஐம்பது பவுண்ஸ் உழைத்தாலும் விசா விதியை மீறியவராகிறார். இதைத் தெரிந்துகொண்டு, “மாணவர்தானே, காசு வாங்க ஏலாதுதானே” என்று இலவசமாக எடுத்துக்கொள்பவர்களும் நம்மிடையே உண்டு. சட்டம் மறிப்பது சுயதொழிலை மட்டுமே. அதே மாணவரை வாரத்துக்கு ஐந்து, பத்து மணித்தியாலம் பகுதிநேர ஊழியராகச் சம்பளப் பதிவேட்டில் போட்டு வைத்திருக்கலாம். அதற்கு, வெளிநாட்டவரை வேலைக்கு அழைக்க நிறுவனங்கள் பெறும் ஸ்பொன்சர் அனுமதி தேவையில்லை. வேலை செய்யும் உரிமையைச் சரிபார்த்துப் பதிவுசெய்தால் போதும். பலசரக்குக் கடைகள் இதைத்தான் செய்கின்றன. செய்தி நிறுவனங்களால் ஏன் முடியவில்லை என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

இனி, பெயர் எந்த இடத்தில் தொலைகிறது என்று பார்ப்போம். வேண்டுமென்றே அழிப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். மிச்சப் பேர் அறியாமல் அழிக்கிறார்கள்.

நிகழ்வொன்றில் எடுக்கும் நானூறு, ஐந்நூறு படங்களிலிருந்து பத்தோ பன்னிரண்டோ தெரிவாகும். அவை ஒவ்வொன்றின் கோப்புக்குள்ளும் ஐ.பி.ரி.சி. எனப்படும் தகவல் புலங்கள் உண்டு. எடுத்தவர் பெயர், உரிமைக் குறிப்பு, திகதி, நகரம், படத்தில் யார் யார், என்ன நடக்கிறது என்பதெல்லாம் அதில் தட்டச்சு செய்யப்படும். போட்டோ மெக்கானிக், லைட்ரூம் போன்ற மென்பொருட்களில் பெயரையும் உரிமையையும் ஒருமுறை வார்ப்புருவாக அமைத்து வைத்தால் எல்லாப் படங்களுக்கும் தானே ஏறிவிடும். படவிளக்கத்தை மட்டும் ஒவ்வொன்றாக எழுத வேண்டும். நிகழ்வு முடிந்து ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், ஏதாவது ஒரு கோப்பிக் கடையில் மடிக்கணினியைத் திறந்து செய்யும் வேலை இது.

அந்த நேரம் உங்கள் ஆசிரியர்பீடத்திலிருந்து அழைப்பு வரும்: “தம்பி, அவசரம், வட்ஸ்அப்பில போட்டுவிடும்.”

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பிய கணத்தில் அந்தப் புலங்கள் எல்லாம் உதிர்ந்துவிடும். 6000 பிக்சல் அகலப் படம் சாதாரணத் தரத்தில் 1600 அளவுக்குச் சுருங்கும். அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, என்று வைத்தால் அது பதின்மூன்றரை சென்ரிமீற்றருக்கு மேல் தாங்காது. முன்பக்கத்தில் பெரிதாகப் போட வேண்டும் என்பதால் இப்போது சிலர் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு ‘தெளிவாக்குகிறார்கள்’. அந்தச் செயலி இல்லாத விவரத்தைக் கற்பனை செய்து நிரப்பும். ஒரு தாய் பிடித்திருக்கும் மகனின் படத்தில், நகத்தளவே உள்ள முகத்தை எடுத்து, யாரோ ஒருவனின் கண்ணையும் மூக்கையும் வைத்துத் திருப்பித் தரும். பதினைந்து வருடத்துக்கு மேலாக அந்த முகத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கும் ஒருவருக்கு நீங்கள் வேறொருவரின் பிள்ளையை அச்சடித்துக் கொடுக்கிறீர்கள்.

தீர்வு மிகச் சின்னது. அதே வட்ஸ்அப்பில் ‘டொக்யுமென்ட்’ என்பதை அழுத்தி அனுப்பச் சொல்லுங்கள். கோப்பு உள்ளபடியே வரும், பெயரும் வரும். வந்ததும் விண்டோஸ் கணினியில் கோப்பின் மேல் வலச்சொடுக்குப் போட்டு ‘புரொப்பட்டீஸ்’, அதில் ‘டீட்டெயில்ஸ்’ பாருங்கள். பத்து விநாடி வேலை. திரைப்பிடிப்பு எடுத்துப் போடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அதில் எந்தத் தகவலும் மிஞ்சுவதில்லை. முகநூலிலிருந்து பதிவிறக்கினாலும் பெரும்பாலான தகவல் மிஞ்சுவதில்லை. எடுத்தவர் யாரென்றே தெரியாத படம் என்றால் படத்தை வைத்தே அதன் மூலத்தைத் தேடித்தரும் கூகிள் லென்ஸிலோ டின்ஐயிலோ போட்டுத் தேடலாம். தேடியும் கிடைக்கவில்லையா, அந்தப் படம் இல்லாமலே செய்தியைப் போடலாம்.

“படத்தின் மேல் பெரிதாகப் பெயரை அடித்து அனுப்புங்களேன்” என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். நடுவில் அடித்தால் படம் கெடுகிறது என்று நீங்களே திருப்பி அனுப்புகிறீர்கள். ஓரத்தில் அடித்தால் வெட்டிவிடுகிறீர்கள். வெட்டிய இடத்தில் உங்கள் இலச்சினை நன்றாகவே பொருந்துகிறது.

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவது நோக்கமல்ல. ஆனால் தெரிந்திருப்பது நல்லது. நடப்புச் செய்திக்காகப் பிறரின் ஆக்கத்தை நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்று பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 30ஆம் பிரிவில் சலுகை தருகிறது. அதே பிரிவே ஒளிப்படங்களை அந்தச் சலுகையிலிருந்து பெயர் சொல்லி விலக்குகிறது. “செய்திக்காகத்தானே எடுத்தோம்” என்ற பதில் இங்கே செல்லாது. கனடாவில் செய்திக்கான சலுகை உண்டு, ஆனால் மூலத்தையும், மூலத்தில் தரப்பட்டிருந்தால் ஆக்கியவரின் பெயரையும் குறிப்பிட்டால் மட்டும். ‘இணையம்’ என்பது எவருடைய பெயருமல்ல. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் ஆக்கியவரின் பெயருரிமையை ஏற்கிறது. லண்டனில் 10,000 பவுண்ஸ் வரையான கோரிக்கைகளைச் சட்டத்தரணி இல்லாமலே கொண்டுபோகப் புலமைச் சொத்துக்கென்று சிறுகோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. நம்மவர்கள் போவதில்லை. சனிக்கிழமை கலியாண வீட்டில் உங்களோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட வேண்டும் அல்லவா?

பெயர் போட இடமில்லை என்ற சாட்டையும் கேட்டிருக்கிறோம். உங்கள் பக்கங்களில் வரும் மரண அறிவித்தல்களைப் பாருங்கள். பிறந்த ஊர், வதிந்த ஊர், பிள்ளைகள், மருமக்கள், மைத்துனர், சகலன், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்று ஐம்பது பெயர். ஓர் எழுத்துப் பிழைத்தால் அரை மணித்தியாலத்தில் திருத்தம் வரும். கோயிலில் ஒரு டியூப் லைட் உபயம் செய்தவர் பெயரை, வெளிச்சம் வெளியே வராத அளவுக்குக் கண்ணாடியில் எழுதி வைக்கும் சமூகம் நாங்கள். படத்துக்கு மட்டும் இடமில்லை.

2009ஐ நினைத்துப் பாருங்கள். போரை நிறுத்தக் கோரி லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் ஏப்ரல் முதல் ஜூன் வரை 73 நாட்கள் சனம் நின்றது. ரொறன்ரோவில் மே 10 அன்று கார்டினர் நெடுஞ்சாலையே மறிபட்டது. அந்த நாட்களின் படங்களை இன்று நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் ‘கோப்புப் படம்’ என்று போடுகிறீர்கள். எடுத்தது யார், எந்தத் திகதியில், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலா சதுக்கத்திலா? பலவற்றுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. அதே சதுக்கத்தில் உண்ணாவிரதமிருந்த பரமேஸ்வரன் சுப்பிரமணியம் ஒளித்துப் பேர்கர் சாப்பிட்டார், பொலிஸ் கமராவில் பிடிபட்டார் என்று இரண்டு பெரிய ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதின. அப்படி ஒரு பதிவே இருக்கவில்லை. 2010இல் 77,500 பவுண்ஸ் நட்டஈடு கொடுத்து மன்னிப்புக் கேட்டார்கள். இல்லாத படத்தை வைத்தே ஒருவரை இப்படி அடிக்க முடிந்தது. இருக்கிற படங்களை நாங்கள் திகதியோடும் பெயரோடும் வைத்திருக்கிறோமா?

மன்னிக்க வேண்டும், மடல் எங்கோ போய்விட்டது. உங்கள் சிரமமும் தெரியாததல்ல. விளம்பரம் குறைந்துவிட்டது, ஒருவரே ஆசிரியராகவும் வடிவமைப்பாளராகவும் சாரதியாகவும் ஓடித் திரிகிறார். ஒவ்வொரு படத்துக்கும் பெரும் பத்திரிகைகள் தரும் தொகையை நாங்கள் கேட்கவில்லை. எவ்வளவு தர முடியும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். இருபது பவுண்ஸ் என்றாலும் அது இன்வொய்ஸோடு வந்தால் அட்டைக்கான கோப்பில் ஒரு தாள் கூடும். “எங்கள் பக்கத்தில் வந்ததே பெருமைதானே” என்று மட்டும் சொல்லாதீர்கள். லண்டனில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் காட்டும் ஒய்ஸ்டர் அட்டையில் பெருமையை ஏற்ற முடியாது.

பணம் முடியாவிட்டாலும் பெயர் முடியும். இந்த மே மாதம் போட்ட பக்கங்களைத் திறந்து, படவிளக்கத்தில் இரண்டு சொல் சேர்க்க ஒரு நிமிடம் ஆகாது. யாருடைய படம் என்று தெரியாவிட்டால் கேளுங்கள், சொல்கிறோம். இனிவரும் படங்களுக்கும் அவ்வாறே செய்யுமாறு தயவாய் வேண்டுகிறோம்.

அதற்கு முன் ஓர் அவசர வேண்டுகோள்.

தொடக்கத்தில் சொன்ன அந்தப் படத்தில் இடது ஓரமாக நிற்கும் பெண் தன் முகம் வெளிவர வேண்டாம் என்று கேட்டிருந்தார். அவருடைய குடும்பம் ஊரில் இருக்கிறது. ‘இடப்புறம் மூன்றிலொரு பங்கை வெட்டிவிட்டே வெளியிடவும்’ என்று எடுத்தவர் கோப்பின் அறிவுறுத்தல் புலத்தில் எழுதியிருந்தார். வட்ஸ்அப் அதை உதிர்த்துவிட்டது. செய்தியாகவும் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் படம் போனபோது அந்தச் செய்தி அதனோடு சேர்ந்து போகவில்லை. படத்தின் கீழே பெயர் இருந்திருந்தால், அடுத்து அதைப் பயன்படுத்தியவர்கள் படமெடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்றும் அந்தப் படம் முழு அகலத்தில் குறைந்தது மூன்று தளங்களில் கிடக்கிறது.

எடுத்தவரின் பெயரை நாளைக்குப் போடலாம். அந்தப் பெண்ணின் முகத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

நன்றியுடன்,
லண்டனில் ஒளிப்பட ஊடகத்துறைக்குள் வர முயலும் தமிழர் சிலர்