மாப்பிள்ளைக்கு: 330ஐ-யா, சி 220டி-யா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படங்களையும் நீ வாங்க நினைக்கும் இரண்டு பழைய கார்களின் விவரங்களையும் என் மெக்கானிக் கடையைப் பூட்டிய பிறகு நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு எங்கெங்கோ போய்விடும். இது லட்சக்கணக்கில் காசு போடுகிற விஷயம், நீ எடுத்து எடுத்துப் படிக்க வேண்டியது. அதனால் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது, எங்கள் இருவருக்கும் இன்னும் பழகவில்லை. உன் அம்மா முட்டி ஆபரேஷன் முடிந்து வாக்கர் இல்லாமல் நடக்கிறார்கள் என்று தங்கச்சி சொன்னபோது மனசு நிறைந்துவிட்டது. கல்லூரி நாட்களில் அவர்கள் கையால் எத்தனை பேர் சாப்பிட்டிருக்கிறோம்!

சரி, வண்டிக்கு வருகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 2020 பிஎம்டபிள்யூ 330ஐ பெட்ரோல் வண்டியை எடு. 2018 மெர்சிடிஸ் சி 220டி டீசல் வண்டி நாலு லட்சம் குறைவாகக் கிடைத்தாலும் அது உனக்கு வேண்டாம். இத்தனைக்கும் அது நல்ல கார். உன் ரோட்டுக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான்.

உன் ஓட்டம் என்ன? மடிப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர். போக வர 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வழி முழுக்க மெட்ரோ வேலை. முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்தே போய்ச் சேர்கிறாய். இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதியான பிஎஸ்6-ன்படி செய்த டீசல் வண்டிக்கு இதைவிடக் கெட்ட வாழ்க்கை கிடையாது. அதன் புகைப் பாதையில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. கரியெல்லாம் அதில் படியும். படிந்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு அந்த வடிகட்டி 600 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும், நல்ல வேகத்தில் நிறுத்தாமல் ஒரு இருபது நிமிடமாவது ஓட வேண்டும். உன் வழியில் அது எங்கே நடக்கும்? எரிக்க ஆரம்பித்த நேரத்தில் நீ ஆபீஸ் வாசலில் இன்ஜினை அணைத்துவிடுவாய். இப்படி அரைகுறையாக நின்றுபோனால் அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும்.

போன வருடம் என் கடைக்கு ஒரு டீசல் வண்டி வந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. பீளமேட்டில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வருவதற்கு மட்டுமே அதை ஓட்டியிருக்கிறார்கள். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். குறையவேண்டிய ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழப்பே இல்லை, தண்ணீராக ஓடியது, மோந்தால் டீசல் வாடை. அந்த ஆயிலை நம்பித்தான் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ சுற்றிக்கொண்டிருந்தது. நல்லவேளை, எதுவும் உடைவதற்குள் வந்துவிட்டார்கள்.

நீ வாரம் ஒரு தடவை திருநெல்வேலி போய் வருகிறவனாக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு சி 220டி-யைச் சொல்லியிருப்பேன். 194 குதிரைத் திறன், 9 கியர், நெடுஞ்சாலையில் அப்படி ஒரு நிதானம். நாள் முழுக்க ஓட்டிவிட்டு இறங்கினாலும் முதுகு வலிக்காது.

மைலேஜைப் பற்றித் தங்கச்சி கவலைப்படுவது நியாயம்தான். கணக்குப் போடுவோம். மாதம் 750 கிலோமீட்டர். இந்த நெரிசலில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 8 கொடுக்கிறது, டீசல் 12 கொடுக்கிறது என்று வைத்துக்கொள். பெட்ரோலுக்கு 94 லிட்டர், டீசலுக்கு 63 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92 என்று எடுத்தால் மாதம் 3,700 ரூபாய் வித்தியாசம், வருடத்துக்கு 45,000 வரை. சின்னத் தொகை இல்லை. ஆனால் டிபிஎஃப்போ டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் செட்டோ ஒரு தடவை கைவைத்தால் இரண்டு மூன்று வருடச் சேமிப்பை ஒரே பில்லில் கொடுத்துவிடுவாய்.

அடுத்தது, அந்த மெர்சிடிஸ் டெல்லி வண்டி. ஏன் மலிவு என்று கேட்டாயே, காரணம் இதுதான். 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டி தலைநகரில் ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. வழக்கு அதற்குப் பிறகும் பல திருப்பங்களைக் கண்டுவிட்டது. ஆனால் அந்தப் பயத்தில் டெல்லிக்காரர்கள் நல்ல டீசல் வண்டியைக்கூட முன்கூட்டியே தள்ளிவிடுகிறார்கள். அதனால் டெல்லி வண்டி என்றாலே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரச்சினை காகிதத்தில். டெல்லி ஆர்டிஓவிடம் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் படிவம் 35 வாங்கி அதை நீக்க வேண்டும். பிறகு நம் ஊரில் ஆயுள் வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேலான புதுக் காருக்கு வரி 20 சதவீதம். மறுபதிவுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் குறையும் என்றாலும் லட்சங்களில்தான் வரும். புரோக்கர் சொல்லும் நாலு லட்ச லாபத்தில் இதைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்.

இப்போது 330ஐ. உன்னோடு இருங்காட்டுக்கோட்டைக்கு பஸ் பிடித்துப் போய் வெயிலில் நின்று ரேஸ் பார்த்தவன் நான். உனக்கு எப்படிப்பட்ட வண்டி பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 258 குதிரைத் திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 5.8 விநாடி. சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான், 400 நியூட்டன் மீட்டர். ஆனால் டீசலில் அது இன்ஜின் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றுவதோடு அடங்கிவிடும், இதில் 1,550-லிருந்து 4,400 வரை அப்படியே நிற்கும். இரண்டுமே பின்சக்கரம் தள்ளும் வண்டி. ஸ்டியரிங்கைத் திருப்பிய அந்த நொடியே மூக்கு திரும்புவது பிஎம்டபிள்யூவில்தான். இசிஆரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஓட்டிப் பார்த்தால் உனக்கே தெரியும். டிரைவர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து வேண்டாம். இத்தனை வருடம் குடும்பத்துக்காகவே வண்டி வாங்கினாய், இதை நீ ஓட்ட வேண்டும். இன்னொன்று, இந்த வண்டி பொருத்தப்பட்டது மகிந்திரா வேர்ல்டு சிட்டியில், உங்கள் பக்கத்துச் செங்கல்பட்டு அருகில்தான். 2007-லிருந்து அந்தத் தொழிற்சாலை ஓடுகிறது.

அதற்காகக் கண்மூடித்தனமாக வாங்கிவிடாதே. இது மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கம் ஓடிய சென்னை வண்டி. எனக்கு இருக்கும் பெரிய பயம் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம்தான். அந்த நாட்களில் வண்டி எங்கே நின்றது என்று ஓனரிடம் நேராகக் கேள். அடித்தளப் பார்க்கிங் என்றால் உஷார். வாய் என்ன சொன்னாலும் வண்டி பொய் சொல்லாது. எல்லா சீட் பெல்ட்டையும் கடைசி அங்குலம் வரை இழுத்துப் பார். யாரும் வாழ்நாளில் இழுக்காத அந்தக் கடைசி ஒரு ஜாண் பட்டையில் மெல்லிய மண் கோடு ஒன்று காய்ந்து நிற்கும். கழுவுகிறவன் அதுவரை இழுத்துக் கழுவுவதில்லை. பிறகு சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தின் போல்ட்டில் துருவைத் தேடு. டிரைவர் காலடியில் மேட்டை எடுத்துவிட்டு கார்பெட்டைக் கட்டைவிரலால் அழுத்து. அடியில் இருக்கும் ஸ்பாஞ்சு ஒரு தடவை நனைந்தால் லேசில் காயாது, வாடை காட்டிக் கொடுத்துவிடும். இந்த வண்டிக்கு பேட்டரி டிக்கியில் இருக்கிறது. அந்தத் தளத்தைத் தூக்கி பேட்டரியைச் சுற்றி வண்டல் படிந்திருக்கிறதா என்றும் பார். இதில் ஒன்று தென்பட்டாலும் பேரம் பேசாதே, திரும்பி வந்துவிடு. ஒயரிங்கில் தண்ணீர் போன வண்டி வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கழுத்தறுக்கும்.

மீட்டர் 41,000 காட்டுகிறது என்கிறாய். ஸ்கேனர் போட்டு மற்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பதிவான கிலோமீட்டரையும் பார்க்கலாம், அதை நான் செய்கிறேன். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2320 என்றால் 2020-ன் 23-வது வாரத்தில் செய்தது. முதலில் வந்த டயரே இன்னும் இருந்தால் நாலையும் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல். இதில் இருக்கும் ரன்-பிளாட் டயர் பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் ஓடும். ஆனால் சுவர் கெட்டியாக இருப்பதால் நம் பள்ளங்களில் இடுப்பில் குத்தும். என் யோசனை, மாற்றும்போது சாதா டயருக்குப் போய்விடு. டிக்கியில் ஒரு காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் கிட்டும் வைத்துக்கொள்.

இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் பக்கம் கண் இருக்கட்டும். இந்தக் காலத்து இன்ஜின்களில் குழாய், இணைப்பு, தெர்மோஸ்டாட் கூடு எல்லாம் பிளாஸ்டிக். சென்னைச் சூட்டில் வருடங்கள் ஓடினால் நொறுங்கும். அங்கங்கே வெள்ளையாகவோ நீலமாகவோ காய்ந்த தடம் இருந்தால் கசிவு என்று அர்த்தம். கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று கார் கம்பெனி சொல்லும். கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நான் இசட்எஃப் பக்கம். இன்ஜின் ஆயிலையும் மீட்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் 8,000-க்கு ஒரு தடவை மாற்று. பெட்ரோல் 95 ஆக்டேன் போடு.

ஒரு விஷயம் மட்டும் மனதில் பதியட்டும். 2019-ல் இந்த மாடல் வந்தபோது ஷோரூம் விலை 47.9 லட்சம். நீ ஏறக்குறையப் பாதி விலைக்கு வாங்குகிறாய். ஆனால் ஹெட்லைட்டோ சஸ்பென்ஷன் கையோ போனால் அதன் விலை 48 லட்ச ரூபாய் வண்டிக்கான விலைதான், யாரும் பாதிக்குத் தர மாட்டார்கள். எனவே கையில் இருக்கும் மொத்தத்தையும் வண்டியில் போட்டுவிடாதே. மூன்று லட்சத்தைத் தனியாக ஒதுக்கி வங்கியில் போட்டு வை. அது முடியாது என்றால் இந்த ரகமே வேண்டாம், நல்ல ஒரு புது வண்டியைப் பார். இதை நண்பனாகச் சொல்கிறேன்.

அம்மாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. இரண்டு வண்டியும் தாழ்வானவை. முட்டி ஆபரேஷன் ஆனவர்கள் பின் சீட்டில் இறங்கி ஏறுவது கஷ்டம். முன் சீட்டை முழுதாகப் பின்னால் தள்ளி உயரத்தையும் ஏற்றினால் வசதியாக இருக்கும். வாங்கும் முன் ஒரு தடவை அம்மாவைக் கூட்டிப் போய் உட்கார வைத்துப் பார். அவர்கள் முகம் சுளித்தால் நான் இதுவரை எழுதிய எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடு.

வெள்ளிக்கிழமை இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், ஸ்கேனரோடு வருகிறேன். சனிக்கிழமை காலை நேராக அந்த ஓனர் வீட்டுக்கே போய்விடலாம். நாம் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லி வை, ஆறிக் கிடக்கும் இன்ஜினின் முதல் சத்தத்தை நான் கேட்க வேண்டும். பக்கத்தில் லிப்ட் இருக்கும் கடை ஒன்றைப் பேசி வை, அடியையும் பார்த்துவிடுவோம். ஆர்சி, இன்சூரன்ஸ், சர்வீஸ் பில்கள் எல்லாவற்றின் நகலையும் வாங்கிக்கொள். ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உனக்கு வராது, இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உன் பேருக்கு மாற்ற வேண்டும், வண்டியைப் பேர் மாற்றும் படிவம் 29-ம் 30-ம் கையெழுத்தானதும் அந்த வேலையை முடித்துவிடலாம். அதுவரை முன்பணம் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே.

அன்புடன்,
உன் மச்சான்